‘முல்லையும் பூத்தியோ’: புறநானூறு 242-ஆம் பாடலில் புலவர் முல்லையைக் கடிந்துகொள்கிறாரா?

தேக்கா வாசகன் | சனி, இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் விக்டோரியா ஸ்திரீட்டிலுள்ள தேசிய நூலகத்தில் நாங்கள் ஏழெட்டுப் பேர் மாதம் ஒருமுறை கூடிச் சங்கப் பாடல்களை வாசித்து வருகிறோம். இன்று மாலை எடுத்துக்கொண்டது குடவாயிற் கீரத்தனார், ஒல்லையூர் கிழான் மகன் பெருஞ்சாத்தன் இறந்தபோது பாடிய கையறுநிலைப் பாடல். ஆறே அடிகள்:

இளையோர் சூடார் வளையோர் கொய்யார்
நல்லியாழ் மருப்பின் மெல்ல வாங்கிப்
பாணன் சூடான் பாடினி அணியாள்
ஆண்மை தோன்ற ஆடவர்க் கடந்த
வல்வேற் சாத்தன் மாய்ந்த பின்றை
முல்லையும் பூத்தியோ ஒல்லையூர் நாட்டே

பொருளில் சிக்கல் ஒன்றுமில்லை. இளைஞர்கள் சூடமாட்டார்கள், வளையணிந்த பெண்கள் பறிக்கமாட்டார்கள், யாழின் வளைந்த கோட்டால் கொடியை மெல்ல வளைத்துப் பாணன் சூடமாட்டான், பாடினியும் அணியமாட்டாள், தன் ஆண்மை விளங்கப் பகைவரை வென்ற வேல்வீரன் சாத்தன் மறைந்த பிறகு, முல்லையே, நீயும் இந்த ஒல்லையூர் நாட்டில் பூக்கிறாயோ? இவ்வளவுதான்.

கருத்து வேறுபாடு கடைசி அடியில் வந்தது. ஊரே துக்கத்தில் இருக்கும்போது வெட்கமில்லாமல் பூத்து நிற்கும் முல்லையைப் புலவர் கடிந்துகொள்கிறார் என்று ஒரு நண்பர் சொன்னார். பெரும்பாலோர் அதை ஏற்றுக்கொண்டார்கள். நானும் பள்ளியில் அப்படித்தான் படித்தேன். ஆனால் இன்று பாடலை இரண்டு மூன்று முறை வாய்விட்டுப் படித்த பிறகு, அந்தக் குரலில் கோபம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

நான் கவனித்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ‘இளையோர் சூடார்’ என்று பாடல் தொடங்குகிறது. எதைச் சூடார்? சொல்லவில்லை. ‘வளையோர் கொய்யார்’, எதைக் கொய்யார்? அதையும் சொல்லவில்லை. சூடுதல், கொய்தல் என்ற வினைகளைக் கொண்டு பூ என்று நாமாக ஊகிக்கிறோமே தவிர, செயப்படுபொருள் ஐந்து அடிகள்வரை வரவே இல்லை. ஆறாம் அடியின் முதற்சொல்லாக முல்லை வருகிறது. அங்கேயும் செயப்படுபொருளாக வராமல், ‘நீ’ என்று நேரே விளிக்கப்படும் முன்னிலையாக வருகிறது. ஐந்து அடிகளாக எல்லோரும் கைவிட்டுவிட்ட ஒன்றிடம் புலவர் மட்டும் திரும்பிப் பேசுகிறார். இது கடிந்துகொள்ளும் அமைப்பா? இலக்கணம் அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் | சனி, இரவு 10.25

நல்ல கேள்வி, தம்பி. வகுப்பில் பல ஆண்டுகள் இதே பாடலை ‘முல்லையைப் பழிக்கிறார்’ என்று சொல்லிக்கொடுத்தவன் நான் என்பதால் அந்தப் பக்கத்து நியாயத்தை முதலில் வைக்கிறேன்.

‘பூத்தியோ’ என்பதிலுள்ள ஓகாரத்தை எதிர்மறைப் பொருளில் கொள்ளலாம். அப்படிக் கொண்டால் ‘நீ பூத்தல் தகாது’ என்பது கருத்தாகும். ‘முல்லையும்’ என்பதிலுள்ள உம்மையைச் சிறப்பும்மையாகக் கொண்டால், ‘மென்மைக்கும் கற்புக்கும் பெயர்பெற்ற நீகூடவா’ என்று பொருள்படும். இரண்டும் சேர்ந்தால் கடிந்துரை வந்துவிடுகிறது. பாட நூல் உரைகள் பலவும் இந்த வழியில்தான் செல்கின்றன. இலக்கணம் அதற்கு இடங்கொடுக்காமல் இல்லை.

ஆயினும் துறையின் பெயரை மறக்கக்கூடாது. புறநானூற்றின் அடிக்குறிப்பு இதைப் பொதுவியல் திணை, கையறுநிலைத் துறை என்கிறது. தொல்காப்பியர் கையறுநிலையைக் காஞ்சித்திணைக்குள் வைத்து, இறந்தவரைக் குறித்து எஞ்சியிருப்பவர் புலம்புவதாகச் சொல்கிறார். இங்கே ‘கை’ என்பதற்குச் செயல் என்று பொருள். செயலற்றுப்போன நிலை கையறுநிலை. இப்போது பாடலிலுள்ள வினைகளைப் பாருங்கள்: சூடுதல், கொய்தல், வாங்குதல், அணிதல். நான்கும் கைகளால் செய்யும் செயல்கள். ஊரிலுள்ள எல்லாக் கைகளும் ஓய்ந்துவிட்டன என்பதைத் துறையின் பெயரைச் சொல்லாமலே வினைகளால் காட்டிவிடுகிறார் புலவர். இதை நான் வகுப்பில் சொன்னதில்லை. உங்கள் பதிவைப் படித்தபோதுதான் தோன்றியது.

பொங்கோல் மாணவி | ஞாயிறு, காலை 8.15

வணக்கம் ஐயா. நான் தொடக்கக் கல்லூரியில் தமிழ் இலக்கியம் படிக்கிறேன். இரண்டு ஐயங்கள் இருக்கின்றன.

முதலாவது, ‘மெல்ல வாங்கிப் பாணன் சூடான்’ என்றால் பாணன் கொடியை வளைத்துவிட்டுப் பிறகு மனம் வராமல் சூடாமல் விட்டுவிட்டானா, அல்லது வளைக்கவே இல்லையா? இரண்டாவது, ‘சூடார்’ என்பதைத் தற்காலத் தமிழில் எழுதும்போது ‘சூடவில்லை’ என்று எழுதுவதா, ‘சூடமாட்டார்கள்’ என்று எழுதுவதா? நான் தேர்வில் ‘சூடவில்லை’ என்று எழுதினேன். தோழி ‘சூடமாட்டார்கள்’ என்று எழுதினாள். இருவருக்கும் மதிப்பெண் கிடைத்தது. அப்படியானால் வேறுபாடே இல்லையா?

தேக்கா வாசகன் | ஞாயிறு, காலை 9.05

இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்ல முயல்கிறேன். முதலாவதை ஆசிரியரிடம் விட்டுவிடுகிறேன்.

வேறுபாடு நிச்சயமாக இருக்கிறது, ஆனால் அது நம் தற்காலத் தமிழில் இருக்கிறது, பாடலில் இல்லை. பழந்தமிழில் ‘சூடார்’ போன்ற எதிர்மறை வினைமுற்று காலம் காட்டாது. சூடவில்லை, சூடுவதில்லை, சூடமாட்டார் என்னும் மூன்றும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கும். நாம் இன்று எழுதும்போது ஏதாவது ஒரு காலத்தைத் தேர்ந்தெடுத்தே ஆகவேண்டியிருக்கிறது. தேர்ந்தெடுத்தவுடன் மற்ற இரண்டும் போய்விடுகின்றன.

இதைத் தொடர்ந்து பார்த்தால் வியப்பாக இருக்கிறது. உயிரோடிருக்கும் நால்வகையினருக்கும் உரிய சூடார், கொய்யார், சூடான், அணியாள் என்னும் நான்கு வினைகளிலும் காலமே இல்லை. பாடலில் இறந்தகாலம் தெளிவாகத் தெரியும் சொற்கள் இரண்டே: ‘கடந்த’, ‘மாய்ந்த’. இரண்டும் சாத்தனுக்கு உரியவை. ‘பூத்தி’ என்பது ‘பூத்தாய்’ போல இறந்தகாலமன்று. ‘உரைத்தி’ என்றால் உரைப்பாய் என்று பொருள்படுவதுபோல, ‘பூத்தி’ என்றால் பூக்கிறாய், பூப்பாய். ஆக, இறந்தவனுக்கு இறந்தகாலம், பூவுக்கு நிகழ்வும் எதிர்வும், நடுவில் நிற்கும் மனிதர்களுக்கு எந்தக் காலமும் இல்லை. துக்க வீட்டில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இது புரியும். அங்கே மணி என்ன என்று யாருக்கும் தெரியாது.

இன்னொன்றும் உண்டு. முற்றுவினைகளை மட்டும் எண்ணினால் ஐந்து. நான்கு எதிர்மறை, உடன்பாடாக நிற்கும் ஒரே முற்று ‘பூத்தி’. அதையும் ஓகாரம் வினாவாக்கிவிடுகிறது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் | ஞாயிறு, காலை 11.30

மாணவியின் முதல் கேள்வி எளிதானதன்று, எனவே பொறுமையாகப் பார்ப்போம். ‘அவர் சந்தைக்குப் போய் மீன் வாங்கவில்லை’ என்று ஒருவர் சொன்னால், அவர் சந்தைக்கே போகவில்லை என்றும் கொள்ளலாம், போனார் ஆனால் வாங்கவில்லை என்றும் கொள்ளலாம். எச்சத்தை அடுத்து எதிர்மறை முற்று வந்தால் அந்த எதிர்மறை எதுவரை எட்டும் என்பது தமிழில் எப்போதும் இருக்கும் ஐயம். ‘வாங்கிச் சூடான்’ என்பதும் அத்தகையதே.

பெரும்பாலோர் ‘வளைத்துச் சூடும் அந்தச் செயல் முழுவதும் நிகழவில்லை’ என்று கொள்வார்கள், பொருத்தமும் அதுவே. முந்தைய அடியில் பெண்கள் கொய்யவே இல்லை என்று சொல்லியாயிற்று, எனவே பாணன் மட்டும் பாதி வழி போனான் என்பதற்குக் காரணம் வேண்டும். ஆனால் படிக்கும்போது நடப்பது வேறு. ‘நல்லியாழ் மருப்பின் மெல்ல வாங்கி’ என்று ஓரடி முழுவதும் அந்தக் காட்சி நம் கண்முன் விரிகிறது; கொடி வளைகிறது; அடுத்த அடியில்தான் ‘சூடான்’ என்று தெரிகிறது. நிகழாத ஒன்றை நிகழ்ந்ததுபோலக் காட்டிவிட்டுப் பிறகு அழிக்கிறார். முன்பெல்லாம் பாணன் எப்படிச் சூடுவான் என்பது நமக்குத் தெரிவது அந்த ஓரடியால்தான். சாத்தன் இருந்த காலத்தின் மகிழ்ச்சிக்குப் பாடலில் கொடுக்கப்பட்டிருக்கும் இடம் முழுவதுமே அந்த நான்கு சீர்தான்.

தேர்வில் இரண்டையும் எழுது, அம்மா. எழுதிவிட்டு எது பொருத்தம் என்று காரணத்தோடு சொல்.

யாழ்க்கோடு | ஞாயிறு, பிற்பகல் 3.10

நான் வீணை கற்றுக்கொடுப்பவள். ‘மருப்பு’ பற்றிச் சிறிது சொல்லலாம் என்று வருகிறேன்.

யாழ் என்றதும் பலரும் வீணையை மனத்தில் வைத்துக்கொள்கிறார்கள். வீணைக்கு நேரான தண்டு. அதால் எந்தக் கிளையையும் வளைத்துப் பிடிக்க இயலாது. யாழ் வில்லிலிருந்து பிறந்ததாகச் சொல்லப்படும் கருவி. அதன் கோடு வளைந்து மேலெழும்பும், நரம்புகள் அதிலிருந்து பத்தர் என்னும் குடம்வரை இறங்கும். விலங்கின் கொம்பையும் யானையின் தந்தத்தையும் குறிக்கும் ‘மருப்பு’ என்ற சொல் அந்த வளைவினால்தான் யாழ்க்கோட்டுக்கும் வந்தது. யாழ் வழக்கொழிந்து பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு விபுலாநந்த அடிகள் தம் ஆராய்ச்சியை ‘யாழ் நூல்’ என்று 1947-இல் வெளியிட்டார். கருவியின் உருவம் மனத்தில் தெளிவாக வேண்டுவோர் அதைப் பார்க்கலாம்.

கருவி வாசிப்பவர்களுக்கு இந்த அடியில் ஒன்று உடனே தைக்கும். தன் வாத்தியத்தை எந்தக் கலைஞனும் துறட்டியாகப் பயன்படுத்தமாட்டான். நரம்பின் சுதி கலைந்துவிடும், கோட்டில் கீறல் விழும். பாணன் அப்படிச் செய்கிறான் என்றால் அது விருந்துண்டு, பரிசில் பெற்று, மனம் நிறைந்து முற்றத்தில் நிற்கும் வேளையின் விளையாட்டு. அப்போதும் ‘மெல்ல’ என்கிறார். அந்த மென்மை கொடிக்காகவும் இருக்கலாம், யாழுக்காகவும் இருக்கலாம்.

இன்னொன்று. பாணனும் பாடினியும் பாடலில் வருகிறார்கள், ஆனால் அவர்கள் பாடவில்லை என்று புலவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. ‘பாடினி’ என்ற பெயருக்குள்ளேயே பாடு இருக்கிறது. பூச்சூடவில்லை என்று சொன்னாலே போதும், இசை நின்றுபோனது நமக்குக் கேட்டுவிடும் என்று நம்பியிருக்கிறார். நான் எத்தனையோ இரங்கற்பாக்களைப் படித்திருக்கிறேன், ‘யாழே, ஏன் மௌனமானாய்’ என்று யாழைப் பார்த்து அழுவதுதான் வழக்கம். இங்கே அது இல்லை, அதனாலேயே எனக்கு இந்தப் பாடல் மேலானது.

மாலைப்பொழுது | ஞாயிறு, இரவு 8.50

இவ்வளவு பேசியும் ஏன் முல்லை என்று யாரும் கேட்கவில்லையே. தாமரையோ வேங்கையோ இருந்திருக்கக் கூடாதா?

முல்லைத் திணையின் உரிப்பொருள் இருத்தல். கார்காலத்தில் திரும்பி வருவேன் என்று சொல்லி வினைமேற் சென்ற தலைவனுக்காகத் தலைவி ஆற்றியிருப்பாள். கார் வந்ததற்கு அடையாளம் முல்லை அரும்புவது, பொழுது மாலை. எத்தனையோ அகப்பாடல்களில் முல்லை பூத்தது என்றால் ‘அவர் வரும் காலம் வந்துவிட்டது’ என்று பொருள். பாசறையிலிருந்து தேர் திரும்பும் காலம் அது. இந்தப் பின்னணியில் ‘முல்லையும் பூத்தியோ’ என்று படித்துப் பாருங்கள். முல்லை தன் சொல் தவறாமல் காலத்தில் வந்துவிட்டது. வேல்வீரன் வரவில்லை, இனி வரப்போவதும் இல்லை. அடையாளம் இருக்கிறது, அது சுட்டவேண்டியவன் இல்லை. இதில் பழிப்பதற்கு என்ன இருக்கிறது? முல்லை பாவம், அதற்கு யாரும் சொல்லியனுப்பவில்லை.

நிலைமண்டிலம் | ஞாயிறு, இரவு 10.05

மாலைப்பொழுது அவர்களின் விளக்கம் அழகாக இருந்தாலும் எனக்குத் தயக்கம் உண்டு. இது புறப்பாடல், அகத்தின் கருப்பொருளையும் உரிப்பொருளையும் அப்படியே இங்கே கொண்டுவந்து ஏற்றினால், பூ என்று வரும் இடமெல்லாம் திணையைத் தேடத் தொடங்கிவிடுவோம். ஒல்லையூரைப் புதுக்கோட்டைப் பகுதியிலுள்ள ஒலியமங்கலம் என்பார்கள். அந்த நிலத்தில் முல்லை இயல்பாகப் பூத்தது, புலவர் கண்டார், பாடினார் என்று ஏன் கொள்ளக்கூடாது? அதோடு, பாடலில் தலைவியே இல்லையே. சாத்தனின் மனைவியைப் பற்றி ஒரு குறிப்பும் கிடையாது.

நான் பார்த்தது யாப்பு. ஆறு அடிகளும் நாற்சீர் அடிகள். ஈற்றயலடியும், அதாவது கடைசிக்கு முந்தைய அடியும், குறையவில்லை, எனவே இது நிலைமண்டில ஆசிரியப்பா. ஒவ்வோர் அடியிலும் முதற்சீரையும் மூன்றாம் சீரையும் பாருங்கள்: இளையோர்–வளையோர் எதுகை, நல்லியாழ்–மெல்ல எதுகை, பாணன்–பாடினி மோனை, ஆண்மை–ஆடவர் மோனை, வல்வேல்–மாய்ந்த, வகரமும் மகரமும் இனமாதலால் இதுவும் மோனை, முல்லையும்–ஒல்லையூர் மறுபடி எதுகை. ஆறு அடிகளிலும் ஒன்றாம் சீரும் மூன்றாம் சீரும் கைகோத்து நிற்கின்றன. தொடக்கத்தில் எதுகை, நடுவில் மோனை, முடிவில் எதுகை.

இதில் என்னை நிறுத்தியது ஐந்தாம் அடி. மற்ற அடிகளில் ஓசை ஒத்துவருவது காதுக்கு உடனே கேட்கிறது. சாத்தன் இறக்கும் அடியில் மட்டும் அது மங்கி, இன எழுத்தால் தொட்டும் தொடாமலும் நிற்கிறது. புலவர் திட்டமிட்டுச் செய்தார் என்று நான் வாதிடமாட்டேன். ஆனால் அந்த அடியைச் சொல்லும்போது குரல் தாழ்வதற்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அடுத்த அடியில் ‘முல்லை’, ‘ஒல்லை’ என்று இரண்டெழுத்து ஒத்து எதுகை திரும்ப வரும்போது, பூவும் ஊரும் ஒன்றோடொன்று பிணைந்துகொள்கின்றன.

மாலைப்பொழுது | ஞாயிறு, இரவு 10.40

தலைவி இல்லை என்பது உண்மைதான். ஆனால் ‘வளையோர்’ இருக்கிறார்கள். கணவனை இழந்தவள் வளை களைவாள். இவர்கள் வளையோடு இருப்பவர்கள், பூச்சூட எந்தத் தடையும் இல்லாதவர்கள். தடையில்லாதவர்களே பறிக்கவில்லை என்றால், தடை வந்துவிட்ட ஒருத்தியைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை என்று விட்டிருக்கலாம் அல்லவா? இதற்குமேல் நான் வற்புறுத்தவில்லை. திணையை ஏற்றிப் பார்க்கக்கூடாது என்ற உங்கள் எச்சரிக்கையை மதிக்கிறேன், ஆனால் கீரத்தனாரின் அகப்பாடல்களும் நமக்குக் கிடைத்திருக்கின்றன. அகம் பாடிய அதே புலவர் ‘முல்லை’ என்று சொல்லும்போது அந்தச் சொல்லின் மணம் முழுவதையும் கழுவிவிட்டா எழுதியிருப்பார்?

ஈசூன் வாசகி | திங்கள், இரவு 9.20

இலக்கணம் பேசுமளவு எனக்குப் பயிற்சி இல்லை. ஆனாலும் இந்தப் பேச்சை இரண்டு நாளாகப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டு வாசலில், தாழ்வாரச் சுவரோரம், அப்பா ஒரு தொட்டியில் முல்லை வைத்திருந்தார். தேக்கா சந்தையில் முழம் கணக்கில் வாங்கும் பூவில் முல்லை சரியாகக் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் விமானத்தில் வந்து வாடிப்போயிருக்கிறது என்று அவருக்குக் குறை. கொடி ஏறுவதற்குக் கம்பியில் பழைய துணிக்கொடிக் கயிற்றைக் கட்டிவிட்டிருந்தார். மாலையில் வேலையிலிருந்து வந்ததும் அரும்புகளைப் பறித்து ஒரு கிண்ணத்தில் போடுவார். அம்மா தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே கட்டுவார். பாதி சாமி படத்துக்கு, பாதி அம்மாவின் தலைக்கு.

அப்பா இறந்து, கீழ்த்தளத்தில் வைத்திருந்து, மண்டாய் தகனச் சாலைக்குக் கொண்டுபோய்த் திரும்பிய அன்று மாலை நாங்கள் மின்தூக்கியிலிருந்து இறங்கியபோது தாழ்வாரம் முழுவதும் மணத்தது. இரண்டு நாளாக யாரும் பறிக்காததால் எல்லாம் விரிந்திருந்தன. அம்மா தொட்டியருகே நின்றார். எதுவும் சொல்லவில்லை. நாங்கள் உள்ளே போய்க் குளித்துவிட்டு வந்து பார்த்தபோது தொட்டி மண் நனைந்திருந்தது.

அதற்குப் பிறகு அம்மா அந்தப் பூவைப் பறித்ததே இல்லை. தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தியதும் இல்லை. பூக்கள் தாமாகவே உதிரும். காலையில் கூட்டி அள்ளுவார். பக்கத்து வீட்டு மலாய் அக்கா ஒருமுறை ‘ஏன் பறிக்கவில்லை’ என்று கேட்டபோது, ‘இருக்கட்டும்’ என்று மட்டும் சொன்னார்.

இந்தப் பாடலை நான் இதற்குமுன் படித்ததில்லை. ‘முல்லையும் பூத்தியோ’ என்ற அடியைப் படித்தவுடன் அந்த மாலைதான் நினைவுக்கு வந்தது. அம்மா அன்று தொட்டியிடம் ஏதாவது கேட்டிருந்தால் இதைத்தான் கேட்டிருப்பார். கோபமாகக் கேட்டிருக்கமாட்டார்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் | செவ்வாய், காலை 7.45

அம்மா, உங்கள் பதிவை இரவு படித்தேன். காலையில் எழுந்ததும் நன்னூலை எடுத்துப் பார்த்தேன்.

ஓகாரத்துக்குத் தொல்காப்பியர் ஆறு பொருள் சொல்கிறார்: பிரிநிலை, வினா, எதிர்மறை, ஒழியிசை, தெரிநிலை, சிறப்பு. நன்னூலார் எட்டு சொல்கிறார். அவற்றுள் ‘கழிவு’ ஒன்று. கழிந்துபோனதற்கு இரங்குதல். நான் முதற்பதிவில் எதிர்மறை ஓகாரம் என்று எழுதினேன். இப்போது இதைக் கழிவு ஓகாரமாகக் கொள்வதே தகும் என்று தோன்றுகிறது. நன்னூல் சங்கப் பாடலுக்குப் பல நூற்றாண்டுகள் பிந்தியது, அதன் வகைப்பாட்டை இங்கே பொருத்தலாமா என்று யாரேனும் கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்விதான். ஆனால் இலக்கணி புதிய பொருளை உண்டாக்குவதில்லை. வழக்கில் இருந்ததற்குப் பெயர் வைக்கிறான். தொல்காப்பியரும் கழிவு என்ற பொருளை அறிந்தவரே. அதை ‘மன்’ என்ற இடைச்சொல்லுக்கு வைத்தார்.

அந்த ‘மன்’ எப்படி ஒலிக்கும் என்பதற்கு அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய 235-ஆம் பாடலை அருகில் வைத்துப் பாருங்கள். ‘சிறியகட் பெறினே எமக்கீயும் மன்னே’ என்று தொடங்கி, அடிக்கு அடி மன், மன் என்று அழுகை அலையலையாக வரும். ஔவை தன் இழப்பை ஒன்று விடாமல் எண்ணிச் சொல்கிறார். அதே பாடலின் முடிவிலும் சூடப்படாத ஒரு பூ உண்டு: குளிர்ந்த நீர்த்துறையில் பகன்றைப் பூ யாரும் சூடாமல் வீணே கிடப்பதுபோல, பிறருக்கு ஒன்றும் ஈயாமல் மாயும் உயிர்கள் மிகப் பல என்கிறார். அங்கே பூ உவமை. ஈயாத மாந்தரைச் சுட்டிக் குத்துகிறது. அது கடிந்துரை, ஐயமில்லை. கீரத்தனாரின் முல்லை எதற்கும் உவமையன்று. அது வெறும் முல்லை; கண்ணெதிரே பூத்திருக்கிறது. ‘மன்’ ஒன்றுகூட இல்லை, ‘நான்’ என்ற சொல்லும் இல்லை. யார் அழுகிறார் என்பதே பாடலில் தெரியாது. இரண்டு பூக்களையும் ஒரே தராசில் வைத்து, இரண்டையும் பழிப்பு என்று நான் இத்தனை நாள் சொல்லிவந்தது தவறு.

‘முல்லையும்’ என்ற உம்மைக்கும் இப்போது வேறு பொருள் படுகிறது. எச்சவும்மையாகக் கொள்ளுங்கள். ‘முல்லையும்’ என்றால், முல்லையைப் போல வேறு யாரோ ஒருவரும் என்று அது பின்னிழுக்கும். யார் அவர்? பூத்தவர் வேறு எவரும் பாடலில் இல்லை. ஆனால் சாத்தன் மாய்ந்த பின்னும் மாயாமல் இருப்பவர் இருக்கிறார்: கேட்டுக்கொண்டிருக்கும் புலவர். நான்தான் அவனுக்குப் பின்னும் இருந்துகொண்டிருக்கிறேன், முல்லையே, நீயுமா? சொல்லில் இல்லாத ‘நான்’ அந்த உம்மைக்குள் இருக்கிறது.

பொங்கோல் மாணவி | செவ்வாய், பிற்பகல் 4.30

ஐயா, தமிழ் தெரியாத என் சீனத் தோழிக்கு இந்தப் பாடலை ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தேன். பாணன், யாழ், பெண்கள் எல்லாம் அவளுக்குப் புரிந்தது. ‘முல்லையும்’ என்ற இடத்தில் நின்றுவிட்டேன். ‘நீ கூடவா’ என்ற தொனியில் சொன்னால் திட்டுவதுபோல ஆகிவிடுகிறது. உம்மையை விட்டுவிட்டுச் சொன்னால் பூ ஏன் பூத்தது என்று தகவல் கேட்பதுபோல ஆகிவிடுகிறது. கடைசியில் ஈசூன் வாசகி அக்கா எழுதிய தொட்டியைப் பற்றிச் சொன்னேன். அவள் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பாடலைத் தமிழிலேயே ஒருமுறை சொல்லச் சொன்னாள்.

தேக்கா வாசகன் | புதன், இரவு 9.55

எல்லோருக்கும் நன்றி. நான் ஒரு கேள்வியோடு வந்தேன். இப்போது பாடலை எப்படி வாய்விட்டுப் படிப்பது என்ற இடத்தில் நிற்கிறேன். அதை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்துகிறேன்.

சனிக்கிழமை நாங்கள் படித்தபோது ‘முல்லையும் பூத்தியோ’ என்று குரலை உயர்த்தி, அங்கே நிறுத்தி, பிறகு ‘ஒல்லையூர் நாட்டே’ என்பதை ஒட்டாத வாலாகப் படித்தோம். அப்படிப் படித்தால் அது கடிந்துரையாகத்தான் கேட்கும்; எங்கள் கூட்டத்தில் பெரும்பாலோர் அவ்வாறு பொருள் கொண்டதற்கு நாங்கள் படித்த விதமும் ஒரு காரணம். நேற்றிரவு நிலைமண்டிலம் அவர்கள் காட்டிய எதுகையை மனத்தில் வைத்து வேறு மாதிரி படித்துப் பார்த்தேன். ஐந்தாம் அடியில் ‘மாய்ந்த பின்றை’ என்ற இடத்தில் நின்றேன். பிறகு ‘முல்லையும் பூத்தியோ ஒல்லையூர் நாட்டே’ என்று நான்கு சீரையும் ஒரே மூச்சில், குரலை உயர்த்தாமல் படித்தேன். வினா நடுவிலேயே வந்து போய்விடுகிறது. குரல் கடைசியில் ஊரின் பெயரில் இறங்கி, ஏகாரத்தில் சற்று நீள்கிறது. பதில் வரும் என்று கேட்டவரின் குரலாக அது இல்லை.

அடுத்த மாதக் கூட்டத்தில் இதே பாடலை மறுபடி எடுக்கலாமா என்று நண்பர்களிடம் கேட்டிருக்கிறேன், சம்மதித்துவிட்டார்கள். ஈசூன் வாசகி அவர்கள் விரும்பினால் வரலாம், அம்மாவையும் அழைத்து வரலாம். வந்தால் ஆறாம் அடியை அவர் படிக்கட்டும்.

ஈசூன் வாசகி | புதன், இரவு 10.30

அம்மாவிடம் கேட்டேன். வருவதாகச் சொன்னார். பாடலை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதித் தரச் சொன்னார், எழுதிக்கொடுத்திருக்கிறேன்.